மாடித் தளத்தின் அடியில் கார்பன் பட்டை ஒட்டலாமா? மேலே புத்தக அடுக்குகள் வரப் போகின்றன

புத்தகப்பூச்சி:

வணக்கம். கட்டுமானம் என் துறை இல்லை, எளிமையாகச் சொன்னால் புரிந்துகொள்வேன்.

சின்னதாக ஒரு வாசகசாலை நடத்துகிறோம். கீழே இடம் போதவில்லை. வீடாக இருந்த மாடி ஹால் காலியாகிறது, அங்கே இரும்பு ரேக் போட்டு புத்தகங்களை ஏற்றிவிடலாம் என்று யோசனை. வந்து பார்த்த ஒப்பந்தக்காரர், "இது வீட்டுச் சுமைக்குப் போட்ட தளம், புத்தகத்தைத் தாங்காது. அடியில் கார்பன் இழைப் பட்டை ஒட்டிவிடலாம். எஃகைவிட ஏழு மடங்கு பலம். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பட்டை ஒட்டினால் கவலையே வேண்டாம்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு மில்லிமீட்டர் சொச்சம் தடிமனுள்ள பட்டை, பசையை நம்பி, தலைக்கு மேல் அத்தனை எடையைப் பிடித்துக்கொண்டு நிற்குமா என்று உறுத்துகிறது.

பழைய வரைபடம் கிடைத்திருக்கிறது. தளத் தடிமன் 125 மி.மீ. இரண்டு பீம்களுக்கு நடுவே 3.6 மீட்டர். அடிக்கம்பி 8 மி.மீ., 125 மி.மீ.க்கு ஒன்று, 415 தரம். கான்கிரீட்டின் வலிமை 20 எம்பிஏ (மெகாபாஸ்கல்) என்று போட்டிருக்கிறது. மேலே டைல்ஸும் அதற்கடியில் கலவையும் சேர்ந்து 50 மி.மீ. இருக்கும். குளியலறைப் பக்க மூலையில் அடிப்பூச்சில் ஒரு பழுப்புக் கறை உண்டு. புத்தகச் சுமை சதுர மீட்டருக்கு 500 கிலோ என்று வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒட்டலாமா?

நாரிழை:

தாராளமாக ஒட்டலாம். இது ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. சுவிட்சர்லாந்தில் லூசெர்ன் அருகே இபாக் பாலத்தில் 1991-லேயே செய்துவிட்டார்கள். போக்குவரத்து விளக்குக் கம்பம் நட துளை போட்டபோது உள்ளே இருந்த முன்தகைவுக் கம்பி வடத்தில் (முன்பே இழுத்து இறுக்கிய வடம்) சில இழைகள் அறுந்துபோயின. எஃகுத் தகடு ஒட்டியிருந்தால் 175 கிலோ ஆகியிருக்கும், கார்பன் 6.2 கிலோவில் முடிந்தது. பட்டை விலை அதிகம் என்று தோன்றினால் கண்ணாடி இழைத் துணியைக் கேட்டுப் பாருங்கள், அதுவும் நன்றாகவே பிடிக்கும்.

ரசமட்டம்:

நாரிழை சொன்ன பாலக் கதை சரிதான். ஆனால் அதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே அறுந்தது பல வடங்களில் ஒன்றின் சில இழைகள். மீதி எல்லாம் பாலத்தைத் தாங்கிக்கொண்டுதான் இருந்தன. கார்பன் வந்தது குறையை ஈடுகட்ட. பாலத்தையே தூக்கிப் பிடிக்க அல்ல.

நான் பழுதுபார்ப்பு, வலுவூட்டல் வேலைகளை மேற்பார்வை செய்கிறவள். இந்தப் பட்டைகளை நிறைய ஒட்ட வைத்திருக்கிறேன், எனக்கு இதன் மேல் பகை இல்லை. ஆனால் யார் கேட்டாலும் முதலில் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பட்டை இல்லாமலே போய்விட்டால் தளம் நிற்குமா?

காரணம் பசை. சாதாரண வெப்பநிலையில் இறுகும் எபாக்ஸி 60 முதல் 80 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கிவிடும். கார்பன் அதைவிடப் பல மடங்கு சூட்டைத் தாங்கும், ஆனால் பிடித்துக்கொண்டிருப்பது பசை. கீழ் அறையில் தீப்பிடித்தால் நிமிடக் கணக்கில் பட்டை இருந்தும் இல்லாததுதான். யாரோ தெரியாமல் அறுத்துவிடலாம், தண்ணீர் இறங்கிப் பிடிப்பு விடலாம். அதனால்தான் அமெரிக்க கான்கிரீட் கழகத்தின் வழிகாட்டி, ஏசிஐ 440.2ஆர், ஒரு வரம்பு வைத்திருக்கிறது. வலுவூட்டாத பழைய தளம் தனியாகவே, நிரந்தரச் சுமையின் 1.1 மடங்கையும் புதிய பயன்பாட்டுச் சுமையின் 0.75 மடங்கையும் சேர்த்துத் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் பட்டை ஒட்டுவது பற்றிப் பேச்சே கிடையாது, வேறு வழி பார்க்க வேண்டும்.

உங்களுக்கு இதிலும் ஒரு சிக்கல். ஆட்கள் வந்து போகிற அறையில் முழுச்சுமை எப்போதாவதுதான் இருக்கும், அதற்குத்தான் 0.75. புத்தக அடுக்கு அப்படி இல்லை, வைத்தால் வைத்த இடத்தில் வருடக்கணக்கில் கிடக்கும். நூலக அடுக்கு, கிடங்கு போன்ற இடங்களுக்கு 0.75-க்குப் பதில் 1 போடச் சொல்கிறது அதே வழிகாட்டி.

உங்கள் எண்களை வைத்துப் பார்ப்போம். 125 மி.மீ. கான்கிரீட் சதுர மீட்டருக்கு சுமார் 310 கிலோ, டைல்ஸும் கலவையும் 100 கிலோ, ஆக 410. நீங்கள் சொன்ன கம்பிக்கு, இரண்டு பீம் மேலும் சும்மா உட்கார்ந்திருக்கும் தளம் என்று எடுத்துக்கொண்டால், பாதுகாப்புக் காரணி கழித்த தாங்குதிறன் சுமார் 890 கிலோ வருகிறது. வரம்புக்கு வேண்டியது 410-இன் 1.1 மடங்கு 451, அதோடு 500, மொத்தம் 951. தேறவில்லை. 0.75 போட்டிருந்தால் 826-இல் தேறியிருக்கும். ஒப்பந்தக்காரர் இந்தக் கணக்கைப் போட்டாரா, போட்டிருந்தால் எந்த எண்ணை எடுத்தார் என்று கேளுங்கள்.

உடனே சோர்ந்துவிட வேண்டாம். அந்த 50 மி.மீ. டைல்ஸையும் கலவையையும் பெயர்த்து எடுத்துவிட்டு மெல்லிய வினைல் விரிப்பு போட்டால் நிரந்தரச் சுமை 330-க்கு இறங்கும். அப்போது 363-உம் 500-உம் சேர்ந்து 863. தேறிவிடுகிறது! கார்பனில் கை வைக்கும் முன்பே, தளத்தின் மேல் வீணாகக் கிடந்த எடையை இறக்கியதில் பாதி வேலை முடிகிறது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. பட்டை ஒட்டும்போது தளம் எவ்வளவு வளைந்திருக்கிறதோ அந்த வளைவுக்கும் பட்டைக்கும் சம்பந்தமில்லை, ஒட்டிய பிறகு வரும் சுமையைத்தான் அது பகிர்ந்துகொள்ளும். எடையை இறக்கிவிட்டு ஒட்டினால் அதன் பங்கு கூடும். முடிந்தால் நடுவில் முட்டுக் கொடுத்து, ஜாக்கியால் லேசாகத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஒட்டுவது இன்னும் நல்லது.

இப்போது "ஏழு மடங்கு பலம்" என்ற பேச்சு. பட்டையை இழுத்து அறுத்துப் பார்த்தால் 2800 எம்பிஏ வரும், பொய் இல்லை. ஆனால் தளத்தில் ஒட்டிய பட்டை அறுவது அரிது. அதற்கு வெகு முன்பே, விரிசல் ஓரத்தில் தொடங்கி, கான்கிரீட்டின் மேல்தோலையும் பிய்த்துக்கொண்டு கழன்றுவிடும். 100 மி.மீ. அகலம், 1.2 மி.மீ. தடிமன் உள்ள பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அறும்வரை இழுத்தால் 336 கிலோ நியூட்டன். 20 எம்பிஏ கான்கிரீட்டில் கழலாமல் இருக்க அந்த வழிகாட்டியின் சூத்திரம் அனுமதிக்கும் நீட்சி 0.4 சதவீதம் அளவுதான். அதன்படி கிடைப்பது 82 கிலோ நியூட்டன், அதாவது ஒரு 16 மி.மீ. கம்பிக்குச் சமம். கால் பங்கைத்தான் பயன்படுத்துகிறோம், மீதிக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம்.

ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு? அந்தச் சூத்திரத்தில் தடிமன் வர்க்கமூலத்துக்குள் இருக்கிறது. தடிமன் இரட்டித்தால் அனுமதிக்கும் நீட்சி குறைகிறது. 82 என்பது 164 ஆகாது, 115-இல் நின்றுவிடும். அதே இரண்டு பட்டையைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் முழுசாக 164. இதைத் தெரியாதவர் சொன்னால் மன்னிக்கலாம், தெரிந்தே சொன்னால் சரக்கு விற்கிறார் என்று பொருள். உங்கள் தளத்துக்கு, டைல்ஸை எடுத்த பிறகு, 50 மி.மீ. அகலப் பட்டை ஏறக்குறைய 400 மி.மீ.க்கு ஒன்று, ஒற்றை அடுக்கு, என்ற அளவில் வரும் என்று தோன்றுகிறது. அகலப் பட்டையைத் தள்ளித் தள்ளி ஒட்டுவதைவிட குறுகலானதை நெருக்கி ஒட்டுவதே தளத்துக்கு நல்லது. இது உட்கார்ந்த இடத்தில் போட்ட கணக்கு. கையெழுத்துப் போடுகிற பொறியாளர் தளத்தைப் பார்த்துத் திரும்பப் போட வேண்டும்.

கண்ணாடி இழை வேண்டாம். எப்போதும் இருக்கும் சுமையில் அது தளர்ந்து அறுந்துவிடக் கூடியது. நிலையான சுமைக்குக் கார்பனில் அறும் வலிமையின் 55 சதவீதம் வரை போகலாம், கண்ணாடியில் 20 சதவீதம்தான். நிலநடுக்கத்துக்காகத் தூணைச் சுற்றிக் கட்ட நல்ல பொருள். புத்தகத்துக்கு அல்ல.

தூக்குக்குண்டு:

ரசமட்டம் மேடம் தளத்தோடு நிறுத்திவிட்டார், நான் கீழே இறங்குகிறேன். தளம் தாங்கினால் போதுமா? அது வாங்கிய சுமை முழுக்க பீமுக்குப் போகும், பீமிலிருந்து தூணுக்கு, தூணிலிருந்து அஸ்திவாரத்துக்கு. வீட்டுச் சுமைக்குப் போட்ட பீமில் ஸ்டிரப் (நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பி) எத்தனை என்று பாருங்கள். அடியில் பட்டை ஒட்டினால் பீமின் வெட்டு வலிமை, அதாவது முனைப்பக்கம் சாய்வாகப் பிளக்காமல் தாங்கும் வலிமை, அதிகரிக்காது. அதற்குப் பக்கவாட்டில் யு வடிவத்தில் துணி சுற்ற வேண்டும், அது தனி வேலை, தனிக் கணக்கு.

இன்னொன்று, செலவில்லாத யோசனை. ரேக்குகளை ஹாலின் நடுவில் வரிசை கட்டாதீர்கள். பீம்களை ஒட்டி வையுங்கள், நடுப்பகுதியை நடைபாதையாக விடுங்கள். பீமுக்கு அருகில் வைத்த எடை தளத்தை அவ்வளவாக வளைக்காது. ஒரு மீட்டர் நீளத் தட்டில் புத்தகத்தை நெருக்கி அடுக்கினால் 30 கிலோ பக்கம் வரும், ஏழு தட்டு ரேக் என்றால் மீட்டருக்கு 200 கிலோவைத் தாண்டும். அதை ஐந்து தட்டோடு நிறுத்தினாலே எவ்வளவு மிச்சம் பாருங்கள்.

அடியில் குறுக்காக ஓர் இரும்பு பீம் கொடுத்துவிட்டால் கார்பனே வேண்டாமே என்றும் சிலர் சொல்வார்கள். நல்ல வழிதான். தீப்பிடித்தாலும் தீக்காப்பு பூசிய இரும்பு கொஞ்ச நேரம் நிற்கும். ஆனால் அந்தப் புது பீமுக்கு நேர் மேலே தளம் எதிர்ப்பக்கமாக வளையும், அங்கே மேற்புறம் கம்பி கிடையாது. தரையில் அந்தக் கோட்டிலேயே வெடிப்பு விடும். வினைல் என்றால் தெரியாது, டைல்ஸ் என்றால் வரிசையாகப் பிளக்கும்.

புத்தகப்பூச்சி:

மிக்க நன்றி. டைல்ஸைப் பெயர்ப்பது பற்றி எங்களுக்குத் தோன்றவே இல்லை, அதற்கு எல்லாரும் தயார். ரேக்கை ஐந்து தட்டாகக் குறைக்கவும் சம்மதம். பீம்களையும் சேர்த்துப் பார்க்க ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் பேசிவிட்டோம்.

அவர் பார்த்துச் சரி என்று சொல்லி வேலை தொடங்கினால், பக்கத்தில் நின்று நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்? அந்தப் பழுப்புக் கறை பற்றியும் சொல்லுங்கள். ஒப்பந்தக்காரர் அதன் மேலேயே ஒட்டி மூடிவிடலாம் என்கிறார்.

ரசமட்டம்:

கறையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். அதன் மேல் ஒட்டவே கூடாது. உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துருவுக்கு இரும்பைவிடக் கன அளவு அதிகம், அது கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. எந்தத் தோலில் பட்டை ஒட்டப்போகிறோமோ அந்தத் தோலே கழன்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். முதலில் குளியலறைக் கசிவை நிறுத்துங்கள். பிறகு அந்த இடத்தில் கம்பிக்குப் பின்னால் வரை உடைத்து எடுத்து, துருவைச் சுரண்டி, கம்பி எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று அளந்து, பழுதுபார்க்கும் கலவையால் நிரப்ப வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் நான் மேலே சொன்ன 890 என்ற எண்ணும் கீழே இறங்கும், கணக்கு முதலிலிருந்து. அதற்குப் பிறகுதான் பட்டை.

அடிப்பூச்சு முழுவதையும் உரித்துவிட வேண்டும். பூச்சின் மேல் ஒட்டுவது சுவரொட்டி ஒட்டுவதற்குச் சமம். உரித்த பிறகு தெரியும் கான்கிரீட்டும் ஒட்டுவதற்கு ஏற்றது இல்லை, மேலே சிமெண்ட் பால் படலம் இருக்கும். வைரத் தட்டு மாட்டிய கிரைண்டரால் தேய்த்து, உள்ளே இருக்கும் ஜல்லியின் முகம் தெரிய வேண்டும். சென்டரிங் பலகை விட்ட மேடு பள்ளம் இருந்தால் எபாக்ஸி புட்டி போட்டு மட்டம் செய்ய வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஏற்ற இறக்கம் கூடாது. நேரான கோலை வைத்து டார்ச் அடித்துப் பாருங்கள், வெளிச்சம் எங்கே கசிகிறதோ அங்கே பட்டை பின்னால் அடியிலிருந்து பிரியும். 0.3 மி.மீ.க்கு மேல் அகலமான விரிசல் இருந்தால் முன்பே எபாக்ஸி ஏற்றி அடைக்க வேண்டும்.

அப்புறம் சோதனை. இதை விடவே விடாதீர்கள். உலோக வட்டு ஒன்றைக் கான்கிரீட்டில் ஒட்டி, சுற்றிலும் வட்டமாக அறுத்துவிட்டு, கருவியால் இழுத்துப் பிய்ப்பார்கள். குறைந்தது 1.4 எம்பிஏ தாங்க வேண்டும். அதைவிட முக்கியம், பிய்ந்த வட்டின் அடியைத் திருப்பிப் பாருங்கள். ஜல்லியும் மணலுமாகக் கான்கிரீட் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் பசை நன்றாகப் பிடித்திருக்கிறது. பசை மட்டும் வழவழப்பாகப் பிரிந்து வந்திருந்தால் தேய்த்தது போதவில்லை, எண் எவ்வளவு காட்டினாலும். உங்கள் தளத்தில் குளியலறைப் பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, எதிர் மூலையில் ஒன்றாவது இழுக்கச் சொல்லுங்கள். கான்கிரீட்டின் உண்மையான தரத்தையும் கோர் (துளைத்து எடுக்கும் உருளைத் துண்டு) எடுத்துச் சோதித்துத்தான் உறுதி செய்ய வேண்டும், வரைபடத்தில் 20 என்று எழுதியிருப்பது ஆசை மட்டுமே. 17 எம்பிஏக்குக் கீழே போனால் இந்த முறையே பொருந்தாது.

ஒட்டும் நாளில் கான்கிரீட் காய்ந்திருக்க வேண்டும், அதன் வெப்பநிலை பனிநிலையைவிட (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். பட்டையைத் துடைப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். கரைப்பானில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்தால் முதலில் கருப்பாகத்தான் வரும். துணி வெள்ளையாகவே வரும்வரை துடைக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டாவது துடைப்போடு "போதும் மேடம்" என்பார்கள், போதாது. பசையைப் பட்டையின் மேல் நடுவில் உயர்ந்து இரு ஓரமும் சரிந்தாற்போல் பூச வேண்டும். அப்போதுதான் உருளை வைத்து அழுத்தும்போது நடுவிலிருந்து காற்று ஓரத்துக்கு ஓடும். இரண்டு ஓரங்களிலும் நீளம் முழுக்கப் பசை பிதுங்கி வெளியே வந்தால் உள்ளே நிரம்பியிருக்கிறது. ஓர் இடத்தில் பிதுங்காமல் இருந்தால் அங்கே வெற்றிடம். பசை கலக்கிய நேரத்தை டப்பாவின் மேலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். வெயில் நாளில் நிறையக் கலக்கி வைத்தால் டப்பாவிலேயே சூடேறிக் கெட்டியாகும். கெட்டியாகத் தொடங்கியதைத் தின்னர் ஊற்றி இளக்கினால் அந்த டப்பாவை அப்படியே வெளியே வைத்துவிடுங்கள்.

இறுகிய பிறகு ஒரு நாணயத்தால் பட்டை நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று வந்துகொண்டிருந்த சத்தம் ஓரிடத்தில் பொத்தென்று மாறும். அதைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். துணி ஒட்டிய வேலையில், தீப்பெட்டியைவிடச் சின்ன வட்டம், அங்கொன்று இங்கொன்று என்றால் விட்டுவிடலாம். உள்ளங்கை அளவுக்கு வந்தால் ஊசி வழியாக எபாக்ஸி ஏற்றலாம். அதைவிடப் பெரிது என்றால் வெட்டி எடுத்து, மேலே ஒரு துண்டு பொருத்த வேண்டும். பட்டைக்கு வழிகாட்டி அப்படி எண் எதுவும் தரவில்லை, ஒவ்வொரு வெற்றிடத்தையும் பார்த்துப் பொறியாளர்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு வாரம் முட்டுகளை எடுக்காதீர்கள், ரேக்கையும் ஏற்றாதீர்கள்.

நாரிழை:

கண்ணாடி இழை பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், நிலையான சுமை என்ற கோணத்தில் நான் யோசிக்கவில்லை. ஒரு சந்தேகம். பட்டைக்குப் பதில் கார்பன் துணியையே அடிப்பக்கம் முழுக்க ஒட்டிவிட்டால் இன்னும் பலம்தானே?

ரசமட்டம்:

பலம் கூடலாம், ஆனால் தளம் மூச்சுவிட முடியாது. மேலே குளியலறை இருக்கும் வீட்டில் அடியை முழுக்க எபாக்ஸியால் மூடினால், இறங்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் பசைக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் தேங்கும். பட்டைகளுக்கு இடையில் விட்ட இடைவெளியில் கசிவு கறையாகத் தெரியும், தெரிந்தால் சரிசெய்யலாம். முழுக்க மூடியதில் கழன்று விழும்வரை ஒன்றும் தெரியாது.

புத்தகப்பூச்சி:

கடைசிக் கேள்வி. வேலை முடிந்ததும் அடியில் பூசி வண்ணம் அடித்துவிடலாமா? கீழ் அறையில் வாசகர்கள் உட்காருவார்கள், கருப்புக் கோடுகள் பார்க்க ஒரு மாதிரி இருக்கும்.

ரசமட்டம்:

வண்ணம் அடிக்கலாம், வெளிர் நிறமாக இருந்தால் நல்லது. தீக்காப்புப் பூச்சு வேண்டுமா என்பதைப் பொறியாளரிடம் கேளுங்கள், ஆனால் அதை நம்பி முதலில் சொன்ன வரம்பைத் தளர்த்தாதீர்கள். பூசினாலும், பட்டை எங்கெங்கே ஓடுகிறது என்று அளவோடு ஒரு வரைபடம் போட்டு அந்த அறைச் சுவரிலேயே மாட்டிவிடுங்கள். நாளைக்கு மின்விசிறி மாட்ட வருகிறவர் டிரில்லோடு ஏணியில் ஏறுவார், அவருக்கு இந்த இழைக் கதையெல்லாம் தெரியாது. ஃபால்ஸ் சீலிங் போட்டால் அதன் தொங்கு கம்பிகளுக்கும் இதேதான், பட்டை மேல் ஒரு துளை கூட விழக் கூடாது.

தூக்குக்குண்டு சொன்ன பீம் கணக்கு வந்ததும் எண்களை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.